ரோலில் மிச்சமிருந்தவை

ஊட்டிக்கு எத்தனை ரோல் எடுத்துப்போவது என்கிற பேச்சு எங்கள் வீட்டில் சித்திரை பிறந்ததும் தொடங்கிவிடும். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். வருஷத்துக்குக் கிடைக்கும் பாஸில் ஒன்று கோடை விடுமுறைக்கென்று எடுத்துவைக்கப்பட்டிருக்கும். ஆகவே எங்களுக்கு டிக்கெட் செலவு கிடையாது. தங்குவதற்கு, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் தம்பி வீட்டு மாடி அறை. முதல் நாள் சாப்பாடு அம்மா கட்டிவரும் புளியோதரை. இப்படிப் பார்த்தால் அந்தப் பயணத்தில் கையைக் கடிக்கிற செலவு போட்டோதான். ரோல் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும். அதனால் அது யாரும் தனியாக முடிவு செய்கிற காரியமாக இருக்கவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து, அம்மா பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மாமா நோட்டை எடுப்பார்.

கேமரா மாமாவுடையது. அம்மாவின் தம்பி, ரயில் தபால் சேவையான ஆர்.எம்.எஸ்ஸில் கடிதம் பிரிக்கும் சார்ட்டர். சிங்கப்பூரில் இருந்த பெரியப்பா ஒருவர் எம்.வி. சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது மாமாவுக்கென்று கொண்டுவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35. அந்தக் கப்பல் 1985இல் தீப்பிடித்து நின்றுபோனது. அதில் வந்த டிரான்சிஸ்டர், நைலெக்ஸ் புடவை, கோடாலித் தைலமெல்லாம் தீர்ந்தும் கிழிந்தும் போன பிறகும் கேமரா மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

கனமான கேமரா அது. தோல் உறையின் பித்தளைப் பொத்தானைத் தட்டித் திறந்தால் தோலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். எதிரே நிற்பவரின் முகம் அதில் இரண்டாகத் தெரியும்; வளையத்தைத் திருகத் திருக இரண்டு முகமும் நகர்ந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அப்போது அழுத்த வேண்டும். மேல் தகட்டில் இரண்டு விளக்குகள் உண்டு. வெளிச்சம் அதிகமென்றால் சிவப்பு, போதவில்லையென்றால் மஞ்சள். அடுத்த படத்துக்கு லீவரைத் தள்ளும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எந்த ஒலியைக் கேட்டால் ஊட்டி நினைவுக்கு வரும் என்று என்னைக் கேட்டால் ரயிலின் கூவலுக்கு முன்னால் இந்த 'டக்'கைத்தான் சொல்வேன்.

அதற்குத் தேவைப்பட்டது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. திருச்சியில் கேட்டால் கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். சென்னைக்குப் போகிற ஆர்.எம்.எஸ். நண்பர் யாரிடமாவது சொல்லிவைத்து மாமா வரவழைப்பார். பேட்டரி இல்லாவிட்டாலும் கேமரா வேலை செய்யும். ஆனால் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு என்கிற ஒரே வேகத்தில். உச்சி வெயிலில் அது போதும், ஊட்டி மூட்டத்தில் போதாது. அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தினம் ஒரு தடவை பின்பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். அப்படி அழுத்தியே பேட்டரியைத் தீர்த்துவிடப் போகிறாய் என்று அம்மா சொல்வாள். பாதரச பேட்டரிகளை உலகமே கைவிட்டுவிட்டது. நதியிலும் நிலத்திலும் பாதரசம் கலக்கக்கூடாது என்கிற நல்ல காரணத்துக்காகத்தான். அந்த பேட்டரி தரும் மின்னழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்ட கேமராக்கள் மட்டும் உலகமெங்கும் பீரோக்களில் தங்கிவிட்டன. வேறு பேட்டரியோடு ஒரு வளையத்தைச் சேர்த்துப் போட்டு இன்றும் அவற்றை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொரு கேமரா அப்பாவுடையது. கல்யாணமான புதிதில் வாங்கிய ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் செய்தது. 120 ரோல் போட்டால் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். வெயில், மேகம் என்று இரண்டே நிலை. முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன ஜன்னல். அதில் எண் வந்து நிற்கும்வரை சாவியைத் திருக வேண்டும். இந்தியாவில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கல்யாண ஆல்பத்துக்கு அடுத்த ஆல்பம் அந்தக் கேமராவால்தான் வந்தது. அக்கா அதைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எனவே ஊட்டிக்கு இரண்டு கேமரா போவது என்று முடிவாகும். ஸ்டாண்டு வேண்டாம் என்பது அப்பாவின் தீர்ப்பு. "ஹோல்டால் இருக்கு, ரெண்டு பெட்டி இருக்கு, குடிதண்ணிக் கூஜா இருக்கு, இதுல மூணு கால் வேறயா?" என்பார். "சரிங்க மச்சான்" என்று மாமா உடனே விட்டுவிடுவார். பிளாஷைக் கேட்டு வாங்குவதற்காக ஸ்டாண்டை விட்டுக்கொடுக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். பென்டார்ச் செல் நான்கு போடுகிற பிளாஷ். அது வந்தே தீரும்.

பிறகு ரோல். மெயின்கார்டு கேட் பக்கத்தில் மாமாவுக்குப் பழக்கமான ஸ்டூடியோ ஒன்று இருந்தது. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மணமக்கள் படங்கள். உள்ளே திரைச்சீலையில் வரைந்த மாடிப்படியும் நிலாவும். ஸ்டூடியோக்காரர் மரப்பெட்டியிலிருந்து ரோலை எடுத்து மேசையில் வைத்ததும் மாமா முதலில் திருப்பிப் பார்ப்பது தேதியைத்தான். இரண்டாவதாக அதை மூக்கருகே கொண்டுபோவார். எதற்கென்று கேட்டதில்லை.

கறுப்பு-வெள்ளை ரோல் என்றால் 'இந்து'. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்தது. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை நிறுவனம், இருந்த இடம் உதகமண்டலம். நாங்கள் எந்த மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோமோ அந்த மலையில் செய்து, கீழே இறக்கி, மெயின்கார்டு கேட் வரைக்கும் வந்த ரோலை வாங்கிக்கொண்டு நாங்கள் மறுபடி மலை ஏறினோம். மாமா இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். "பிறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம் மாப்ளே" என்பார். வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து படச்சுருளின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசுகிற வேலை அது. ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளியாக நிற்கும். சூடு கூடினால் பூச்சு கெடும். ஊட்டியின் குளிரும் தூசியில்லாத காற்றும் அதற்குத் தேவைப்பட்டன. பூச்சு நடக்கிற கூடங்களில் வெளிச்சமே கூடாது. வாழ்நாளெல்லாம் இருட்டில் வேலை பார்த்து மற்றவர்கள் வெளிச்சத்தைப் பிடித்துவைக்க உதவியவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பைக்காராவுக்குப் பஸ்ஸில் போகும்போது இந்து நகரைக் கடந்துதான் போக வேண்டும். மாமா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். நீளநீளமான கட்டடங்கள், யூகலிப்டஸ் மரங்கள், ஷிப்டு மாறும் நேரமென்றால் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்ட தொழிலாளிகளின் வரிசை. அவர்களில் யாரோ ஒருவரின் கை வழியாக வந்ததுதான் இதற்குள் இருக்கிறது என்று கேமராவைத் தட்டிக் காட்டுவார். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த பிலிமும் பள்ளிக்கூட குரூப் போட்டோ பிரிண்ட் போட்ட தாளும் அங்கிருந்து போயின. கலர் வந்தது, கறுப்பு-வெள்ளை ஒதுங்கியது. தொண்ணூறுகளில் நலிந்த நிறுவனம் என்று பெயர் வந்தது. எக்ஸ்ரேயும் கணினித் திரைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், 2010களில் ஆலையை மூடியே விட்டார்கள். லாபநஷ்டக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாடு தன் முகத்தைத் தானே பதித்துக்கொள்ளத் தானே செய்த பொருள் அது. இன்னும் கொஞ்சம் மரியாதையோடு அதை வழியனுப்பியிருக்கலாம். ஒரு கட்டடத்தையாவது அருங்காட்சியகமாக்கியிருக்கலாம்.

வாங்கிவந்த ரோல்கள் கிளம்பும் நாள்வரை அரிசி டப்பாவுக்குள் இருக்கும். கத்திரி வெயிலில் திருச்சி வீட்டில் குளுமையாகவும் ஈரமில்லாமலும் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. படியால் அரிசி அளக்கும்போது கறுப்பு டப்பி ஒன்று உருண்டு மேலே வரும். அம்மா அதை மறுபடி உள்ளே புதைத்துவிட்டு அளப்பாள்.

கலரா, கறுப்பு-வெள்ளையா என்பதுதான் பெரிய விவாதம். கலர் ரோல் விலை கூட. கழுவுவதற்கு ஸ்டூடியோக்காரர் சென்னைக்கு அனுப்புவார், வர இரண்டு வாரம் ஆகும். மே மாதம் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. அதைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்து என்ன பயன் என்பது அக்காவின் கேள்வி. ரயிலையும் மூட்டத்தையும் கலரில் எடுத்து என்ன பயன் என்பது மாமாவின் பதில். கடைசியில் யாஷிகாவில் கலர் 36, கிளிக்கில் கறுப்பு-வெள்ளை 12, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ள ஒரு 'இந்து' 36 என்று முடியும். ஆக, படங்களுக்கு உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்புக்குள் யார் யாருக்கு எத்தனை என்பதுதான் அடுத்து நோட்டில் ஏறும்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி, சட்டைப் பைக்குள் அடங்குகிற மாதிரி மாமாவே தைத்தது. அட்டையில் சிவப்பு மையில் 'போட்டோ' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இடது பக்கம் எடுக்க வேண்டியவை, வலது பக்கம் எடுத்தவை. சார்ட்டர் கையெழுத்து, விலாசம் எழுதுவது போல ஒவ்வொன்றும் தனி வரியில் நிற்கிறது. 'பாட்டிக்குக் காட்ட பனி – 1.' பாட்டி வரவில்லை. பனி என்றால் புகை மாதிரி இருக்குமா, மழை மாதிரி இருக்குமா என்று அவள் கேட்டதற்காக ஒரு படம். 'எதிர்வீட்டு அக்கா ஸ்வெட்டர் – 1.' திருச்சியில் யார் வீட்டில் கம்பளி இருக்கும்? ஊட்டி போய்வந்தவர்கள் வீட்டில் இரவல் வாங்கித்தான் போவோம். என் ஸ்வெட்டர் எதிர்வீட்டு அக்காவின் பையனுடையது. அதைப் போட்டுக்கொண்டு நான் நிற்கிற படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'மச்சான் தனியாக – 1. அக்கா, மச்சான் ஜோடி – 2.' இரண்டாவது படம் கண் மூடிவிட்டால் என்பதற்காக. 'இன்ஜின் – 3.' இந்த மூன்றை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், ரயில்வே குடும்பம் அல்லவா. 'கேத்தி ஸ்டேஷன் – 1.' இது பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' வந்த 1982க்குப் பிறகு சேர்ந்தது. அந்த பெஞ்சும் அந்த நடைமேடையும் எங்கள் எல்லோருக்கும் அதற்கு முன்பே தெரியும். ஆனால் அதை ஒரு படமாகப் பார்க்கலாம் என்று அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

வலது பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எண், இடம், எட்டா பதினாறா என்கிற துளை அளவு, பக்கத்தில் 'வெயில்', 'மேகம்', 'மூட்டம்' என்று ஒரு சொல். வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும் என்பதால் அது இல்லை. ஒரு வரியில் மட்டும் அளவுக்குப் பதிலாக 'பாப்பா சிரித்தது' என்று இருக்கிறது. பாப்பா என்பது அக்கா.

மேட்டுப்பாளையத்துக்கு முதல் நாள் இரவே போய்விடுவோம். ஈரோடு வழியாகக் கோவை, அங்கிருந்து இன்னொரு வண்டி. ஸ்டேஷனில் பெட்ஷீட் விரித்துப் படுத்து, விடிகாலையில் மலை ரயிலைப் பிடிக்க வேண்டும். எந்தப் பெட்டி, எந்த ஜன்னல் என்பதையும் கேமராதான் தீர்மானிக்கும். மலை ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளும். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பாதை. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். ஆகவே இன்ஜினோடு சேர்த்துப் படம் வேண்டுமென்றால் முன் பெட்டியில் உட்கார வேண்டும். வளைவில் வண்டி வில்லாக வளைகிறபோது பின்னால் திரும்பிப் பார்த்தால் புகையும் இன்ஜினும் மற்ற பெட்டிகளும் ஒரே சட்டத்துக்குள் வரும். 46 கிலோமீட்டரில் வளைவுகள் இருநூறுக்கு மேல். ஆனால் மாமாவுக்கு வேண்டியவை கல்லாருக்கும் ஹில்குரோவுக்கும் நடுவே சில. அவை வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவார். அப்பா அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பிடி இருப்பதால்தான் அவரால் அவ்வளவு தூரம் வெளியே சாய முடிந்தது.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். எல்லோரும் இறங்குவார்கள். அங்கேதான் குடும்பப் படம். மாமா பாறைமேல் கேமராவை வைத்து, கீழே கைக்குட்டையை மடித்துக் கொடுத்துச் சாய்வைச் சரிசெய்து, தானே எடுக்கும் டைமர் லீவரை இழுத்துவிட்டு ஓடிவருவார். ஸ்டாண்டு வேண்டாம் என்று சொன்ன அப்பா அந்தப் பாறையைச் சுற்றி நின்று குரங்குகளை விரட்டிவிட்டு, அவரும் ஓடிவருவார். அந்தப் படங்களில் நாங்கள் நேராக நிற்க, அவர்கள் இருவருடைய தோள் மட்டும் இன்னும் ஓட்டத்திலிருந்து முழுதாக நிற்காமல் இருக்கும்.

மாமா தவறாமல் பேசுகிற ஆள் ஒருவர் உண்டு. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். முதுமலைக் காட்டில் யானைகளையும் காட்டெருமைகளையும் கறுப்பு-வெள்ளையிலேயே எடுத்தவர். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் விடாமல் எழுதியவர். கடையில் கிடைக்கும் கேமரா போதவில்லை என்று வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கனத்த கேமராவை உருவாக்கிக்கொண்டு, அதைச் சுமந்துகொண்டே காடு முழுக்கப் போனார். யானையின் முதுகிலிருந்தும் எடுத்தார். கூர்மையாக விழாத மயிரிழையை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பார் மாமா. மறுபக்கம் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். ஒரு சின்ன லைக்கா, பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ், உலகமெல்லாம் அதோடு சுற்றினார். பயணத்துக்கு எவ்வளவு சுமப்பது என்கிற கேள்விக்கு இவர்கள் இருவருமே சரியான விடை என்று இப்போது தோன்றுகிறது. எதைப் பார்க்கப் போகிறோம் என்பது இருவருக்கும் கிளம்பும் முன்பே தெரிந்திருந்தது.

நானும் இன்று சுமக்கிறேன். அகலக் கோணத்துக்கு ஒரு லென்ஸ், நடுவாந்தரத்துக்கு ஒன்று, தூரத்துக்கு 70-200. அது ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல். விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோ என்று கட்டுப்பாடு வைத்திருப்பதால் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரிகளைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும். இதில் தெரிவு இருக்கிறது, யோசனை இருக்கிறது. ஆனால் இந்த யோசனையில் யாருக்கும் பங்கில்லை. யாரும் வந்து எனக்கு ஒரு பனி வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்க அவசியமுமில்லை, அட்டையில் ஆயிரக்கணக்கில் இடமிருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடும் என்பதால் யாருக்கும் எதையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் ஏங்குவது பிலிமுக்காக என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். பிலிம் இன்றும் கிடைக்கிறது, வாங்குகிறேன், மாட்டுகிறேன். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பெயர் எழுதுவது போல, விட்டுப்போனவர் யாருமில்லையே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட அந்த ராத்திரியை எந்தக் கடையில் வாங்குவது என்று தெரியவில்லை.

இதெல்லாம் எடுக்க நினைத்து எடுத்த படங்களின் கதை. உண்மையில் சொல்ல வந்தது வேறு.

மாமா எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்தே திரும்புவார். இறங்குகிற வழியில் யானை குறுக்கே வரலாம், யாராவது பெரிய மனிதரைப் பார்க்கலாம் என்று மூன்று நான்கு படத்தைக் கடைசிவரை தொடமாட்டார். யானை வராது. ரோல் முடியாமல் கழுவக் கொடுக்க மாமாவுக்கு மனசு வராது. வெறுமையாகப் போகும் பிலிமைப் பார்த்தால் வயிறு எரியும் என்பார். அதே சமயம் ஊட்டிப் படங்களைப் பார்க்க எல்லோருக்கும் அவசரம். ஆகவே திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மிச்சத்தை முடிக்கிற வேலை நடக்கும். எதையாவது எடுத்துத் தீர்த்தால் போதும். யாரும் தலை வாரவில்லை, புடவை மாற்றவில்லை. "இங்க பாருங்க" என்று மாமா கூப்பிடுவதுகூட இல்லை.

ஆல்பத்தில் அவை ஒட்டப்படவில்லை. ஊட்டிப் படங்கள் கறுப்புத் தாளில் முக்கோண மூலை வைத்து ஒட்டப்பட்டன. இவை கடைசி உறையில் போட்டு வைக்கப்பட்டன. அம்மா போன பிறகு பீரோவை ஒழிக்கும்போதுதான் அக்காவும் நானும் அந்த உறையைப் பிரித்தோம். பூங்காவிலும் ஏரிக்கரையிலும் நாங்கள் நிற்கும் படங்களை யார் வீட்டு ஆல்பத்திலும் பார்க்கலாம், முகங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். உறைக்குள் இருந்தவை உலகத்தில் எங்களிடம் மட்டுமே இருக்கின்றன.

ஒன்றில் அப்பா சைக்கிளை வாசல்படியிலிருந்து இறக்குகிறார். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர். நீலச் சட்டை, படம் கறுப்பு-வெள்ளை என்றாலும் அது நீலம் என்று எனக்குத் தெரியும். முகம் தெரு முனையைப் பார்க்கிறது. பொன்மலைச் சங்கு ஊதும் முன்பு உள்ளே போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் அவர் ஏன் கிளம்புகிறார் என்று நானும் அக்காவும் வெகுநேரம் பேசினோம். ஓவர்டைமாக இருக்கும். ஊட்டி செலவை அப்படித்தான் ஈடுகட்டியிருப்பார்.

இன்னொன்றில் பாட்டி முறத்தில் அரிசி புடைக்கிறாள். முறத்திலிருந்து எழும்பிய அரிசி காற்றில் அப்படியே நிற்கிறது. அன்று பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில்தான் அரிசி இப்படித் தனித்தனியாக நிற்கும். முற்றத்து வெயில் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பின்னால் அடிபம்பு, அதன் கைப்பிடியில் காயும் மாமாவின் பனியன்.

மூன்றாவது சமையலறை. இதை மாமா எப்படி எடுத்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பக்கத்தில் நான்தான் நின்றேன். ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. பிளாஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு லென்ஸை முழுதாக 1.7க்குத் திறந்தார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேமராவை ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் வைத்து, இரண்டு கையாலும் ஜாடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி அழுத்தினார். அம்மா தோசை திருப்பிக்கொண்டிருக்கிறாள். அசைந்த கை மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. முகம் பக்கவாட்டில், கூர்மையாக, வியர்வையோடு. பம்ப் ஸ்டவ், அடுக்குப் பானைகள், சுவர்க் கரி, காலண்டரில் மாத எண் தெரியாத அளவுக்கு மங்கல். அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடி எழும்பி, கீழே மருந்துக்கடை நடக்கிறது. அம்மா சமைத்த இடத்தை நான் பார்ப்பதற்கு இந்த ஒரு படத்தைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது பயணம் முடிந்து திரும்பினால் கேமரா பைக்குள்ளேயே கிடக்கிறது. தீர்க்க வேண்டிய மிச்சம் எதுவும் அதில் இல்லை. கைப்பேசியில் வீட்டைத் தினமும் எடுக்கிறோம் என்பது உண்மைதான். பிறந்தநாள், விருந்து, புதுப் பொருள். வியர்த்துக்கொண்டு தோசை திருப்புகிறவர் தன்னை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தலையைச் சரிசெய்துகொள்கிறார்.

அந்தச் சமையலறைப் படத்தில் அலமாரியின் இரண்டாவது தட்டில் சதுரமாக ஒரு சின்னப் பெட்டி தெரிகிறது. அது மாமாவின் 'இந்து' ரோல் பெட்டி, அந்த வருஷம் பிரிக்காமல் திரும்பி வந்த மூன்றாவது ரோல் என்கிறாள் அக்கா. ரோல் என்றால் அது அரிசி டப்பாவுக்குள் இருந்திருக்கும், அலமாரிக்கு வந்திருக்காது, இது சீயக்காய்ப் பாக்கெட் என்கிறேன் நான். "மாமா அவசரத்துல வெச்சிருப்பார்டா" என்கிறாள். "மாமாவா? ரோலையா?" என்கிறேன். போன வாரம் நெகட்டிவை ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக வேண்டும், குறிப்பாக இடது பக்க மூலை என்று கடைப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னான். சனிக்கிழமை அக்கா வருகிறாள்.